துண்டுக்கு அடியில் இருந்த மூக்கு

மாப்ளே,

வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டுமென்று நேற்று என் தகரப்பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினார்கள். நான் இப்போது உன் வீட்டில்தான் இருக்கிறேன். இறக்கியவள் உன் மருமகள். நான் பெற்ற மகள்தான் என்றாலும், உன் வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து அவளுக்கு உன் புத்தி ஒட்டிக்கொண்டது. மூடியிருக்கிற எதையும் திறக்காமல் விடமாட்டாள். பெட்டிக்கு அடியில், என் கல்யாண வேட்டியின் மடிப்புக்குள், கட்டைவிரல் உயரத்தில் ஒரு கண்ணாடிக் குப்பி. கறுப்புக் காகிதம் சுற்றித் தக்கை வைத்து அடைத்தது. அவள் தக்கையைப் பிடுங்கிக் குப்பியை மூக்கில் வைத்தாள்.

"என்னப்பா இது, ஒண்ணுமே மணக்கல? இதப் போயி இத்தன வருசமா பொத்தி வச்சிருக்கீக!"

"ஆத்தா, அது லேசுப்பட்ட குப்பி இல்ல. மலைக்கு அந்தப் பக்கத்து ராசா ஒருத்தரு எங்கிட்ட நேருல குடுத்த அத்தரு. அதுக்காக ஒரு யானையவே தர்றேன்னு ஒருத்தன் நின்னான்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. தக்கையை அழுத்தி மூடிவிட்டு, "கொறச்சுச் சொல்லுங்கப்பா" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது உன் வார்த்தை. நான் எதைச் சொன்னாலும், பாதியிலேயே கையைக் காட்டி, "கொறச்சுச் சொல்லு மச்சான்" என்று நிறுத்துவாயே, அதே ராகம். நீ போன பிறகு அந்த வார்த்தையை யாரும் என்னிடம் சொல்லவில்லை. அதனால் நானும் கொஞ்சம் தாராளமாகத்தான் பேசிக்கொண்டிருந்தேன். இந்த மடலிலும் ஆங்காங்கே கூடியிருக்கும். எங்கே கூடியது என்று உனக்குத் தெரியும். உன் பெயரை மட்டும் எழுதமாட்டேன். போடியில் ஒரு பெயரை எழுதிவிட்டால் அதற்குச் சொந்தம் கொண்டாட ஏழு தெருவிலிருந்து ஆள் வரும். அவர்களில் யார் எதற்கு வருகிறார் என்று நான் எங்கே போய் விசாரிப்பது?

எழுபதுகளில் உன் மூக்கு எப்படி இருந்தது என்று இந்தப் பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். நம் முதலாளிக்கு மலையிலிருந்து ஏலக்காய் வாங்கிப் போடுகிற வேலை உனக்கு. ஜீப்பு குரங்கணியில் போய் நிற்கும். மேலே தோட்டத்து ஸ்டோரில், விறகு எரித்துக் காயவைத்த காயைச் சாக்குச் சாக்காக அவிழ்த்து வைத்திருப்பார்கள். நீ அடிச்சாக்கிலிருந்து ஒரு காயை எடுத்து, கட்டைவிரல் நகத்தால் கீறி, மூக்குக்குக் கீழே ஒரு தடவை கொண்டுபோவாய். அவ்வளவுதான். "இது ஈர விறகு எரிச்ச காயி. புகை ஏறியிருக்கு. தள்ளி வைய்யி" என்பாய். ஸ்டோர்க்காரன் முகம் செத்துப்போகும். ஒருநாள் விறகு எந்த மரத்து விறகு என்பது வரைக்கும் சொன்னாய். மரத்தை மட்டும் நான் சேர்த்தேன், மற்றது நடந்ததுதான். போடி ஏல மண்டபத்தில் வடக்கத்தி வியாபாரிகள்கூட உன் மூக்கைப் பார்த்துவிட்டுத்தான் விலை சொல்வார்கள். நீ மூக்கைச் சொறிந்தால் விலை இறங்கும்.

அந்த மூக்குக்குள்தான் பீனிசம் வந்து உட்கார்ந்தது. மழைக்காலத்தில் பிடித்த சளி, வெயில் காலம் வந்தும் போகவில்லை. முதலில் ஒரு பக்கம் அடைத்தது, பிறகு மறு பக்கம். நெற்றிக்குள் யாரோ ஆப்பு இறக்குவது போல வலிக்கிறது என்பாய். குனிந்து செருப்பு மாட்ட முடியாது. வாயால் மூச்சு விட்டுக்கொண்டு தூங்குவாய். அந்தக் குறட்டையில் பக்கத்து வீட்டுக் கோழி இடம் மாறி அடைந்தது. உனக்குக் கட்டிக்கொடுத்த என் தங்கச்சி நொச்சி போட்டு வேது பிடிக்க வைத்தாள், விரலி மஞ்சளைச் சுட்டுப் புகை இழுக்க வைத்தாள். தேனியில் ஒரு டாக்டர் மூக்கு வழியாகத் தடித்த ஊசியை இறக்கி, கன்னத்துக்குள் தண்ணீரை அடித்துக் கழுவிவிட்டார். கழுவினால் கொஞ்ச நாள் சுகம். அடுத்த சாரலுக்கு மறுபடி அதே கதை. உனக்கு அந்த டாக்டர் மேல் சந்தேகம். "முழுசாக் கழுவ மாட்டேங்குறான் மச்சான். கொஞ்சத்த உள்ளயே மிச்சம் வைக்கிறான், நாம திரும்பப் போகணும்னு" என்றாய்.

வாசம் போனதை நீயாகச் சொல்லவில்லை. ஒருநாள் என் தங்கச்சி கிணற்றடிக்குப் போய்விட்டு வருவதற்குள் குழம்பு கருகி, தெரு முழுவதும் நாற்றம். நீ அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாய். அவள் சட்டியையும் பார்த்தாள், உன்னையும் பார்த்தாள். அன்று சாயந்திரம் நீ என்னை வாய்க்கால் கரைக்குக் கூட்டிப்போனாய். முன்னும் பின்னும் ஆள் வருகிறதா என்று பார்த்துவிட்டுச் சொன்னாய்: "மச்சான், எனக்கு ஒரு வாசமும் தெரியல. வெளிய தெரிஞ்சா என் சோலி முடிஞ்சது."

அப்போது உன்னைக் காப்பாற்றியது யார்? நான்தான். இதில் ஒரு சொல்கூடக் கூட்டவில்லை.

நான் மாட்டுத் தரகு பார்த்தவன். துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுகிற வித்தை எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதை நம் காய்க்கு ஏற்றபடி மாற்றினேன். ஒரு விரலைப் பிடித்தால் நல்ல காய். இரண்டு பிடித்தால் புகை. மூன்று பிடித்தால் பூஞ்சை. சுண்டுவிரலை மட்டும் பிடித்தால் மூப்பில்லாத காய். "என் மச்சானுக்கும் மலைக்காத்து நல்லதுன்னு வைத்தியர் சொல்லியிருக்காரு" என்று முதலாளியிடம் சொல்லி, ஜீப்பின் முன் சீட்டில் எனக்கு இடம் வாங்கினாய். ஸ்டோரில் நீ காயைக் கீறி உன் மூக்கில் காட்டிவிட்டு, "எப்புடி இருக்கு பாரு மச்சான்" என்று விளையாட்டுப்போல என்னிடம் நீட்டுவாய். தோளில் கிடந்த துண்டு நம் இரண்டு கைகளுக்கும் மேல் விழும். அடுத்த நொடி உன் தீர்ப்பு வெளியே வரும். வருசக்கணக்கில் ஒருவனுக்கும் தெரியவில்லை. போடியிலேயே பெரிய மூக்கு இரண்டு உடம்பில் பிரிந்து கிடந்தது.

ஆனாலும் நீ என்னை நம்பினாயா? ஒரே காயைக் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி என்னிடம் நீட்டுவாய். என் விரல் முன்பு சொன்னதையே சொல்கிறதா என்று பார்ப்பாய். எனக்குத் தெரியாது என்று நினைத்திருந்தாய். எனக்குத் தெரியும்.

எண்பதுகள் கழிந்துகொண்டிருந்த சமயத்தில் மதுரையிலிருந்து அந்த டாக்டர் வந்தார். மெலிந்த ஆள், கண்ணாடி போட்டவர். வெளிநாட்டில் போய்ப் புதிதாக ஒரு குழாய் வித்தை படித்து வந்திருக்கிறார், பென்சில் தடிமன் குழாயை மூக்குக்குள் விட்டுக் கண்ணால் நேராகப் பார்த்தே சைனஸுக்கு ஆபரேஷன் பண்ணுவாராம், வெளியே ஒரு கீறல் இருக்காதாம் என்று ஜீப்பில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். மலையில் புகைக்குள்ளும் தூசிக்குள்ளும் வேலை பார்க்கிறவர்களின் மூக்கைப் பற்றி ஆராய்ச்சி பண்ணுகிறாராம். காசு கிடையாதாம். காசு கிடையாது என்றதும் ஊரில் பாதிப் பேர் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

நமக்குச் சந்தேகம் வேறு மாதிரி. அந்த முகாம் நடந்தது நம் முதலாளியின் குடோனில். டாக்டருக்கு டீ போனது முதலாளி வீட்டிலிருந்து. உன்னிடம் முதலாளி, "எந்நேரமும் மூக்க உறிஞ்சிக்கிட்டே இருக்கியேய்யா, நீயும் போய்க் காட்டு" என்று சொன்னார். நீ என்னை ஓரமாக இழுத்தாய்.

"பாத்தியா மச்சான், ஆள வச்சு என் மூக்கச் சோதிக்கிறாரு. ஆராய்ச்சியாம் ஆராய்ச்சி."

"போகாம இருந்துரு."

"போகலைன்னாதான் சந்தேகம் வரும். நீ கூட வா. துண்ட எடுத்துக்க."

குடோனில் ஏலக்காய்ச் சாக்குகளை ஓரம் ஒதுக்கி மேசை போட்டிருந்தார்கள். டாக்டர் முன்னால் வரிசையாகக் குப்பிகள். உள்ளே இருப்பது தெரியாதபடி கறுப்புக் காகிதம் சுற்றியவை. "இதுல காப்பி, சூடம், கிராம்பு, எலுமிச்சைன்னு நாலு வாசம் இருக்கு. ஒவ்வொண்ணா காட்டுவேன், எதுன்னு சொல்லுங்க. ஒண்ணும் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லலாம், தப்பில்ல" என்றார். தெரியவில்லை என்று சொல்வதாவது! அவர் கை கழுவத் திரும்பிய நேரத்தில் நான் உன் காதில் சொன்னேன்: "அவரு சொன்ன வரிசைதான். ஒத்த விரலு காப்பி, ரெண்டு சூடம்."

துண்டு விழுந்தது. அவர் உன் மூக்கின் ஒரு துவாரத்தைப் பொத்தி, மறு துவாரத்தில் குப்பியைக் காட்டினார். "பாத்து டாக்டரய்யா, மாப்ளைக்குக் கண்ணுல பட்ரப் போகுது" என்று நான் அக்கறையாகக் குனிந்தேன். சூடம். இரண்டு விரல். நீ கண்ணை மூடி, "சூடம்" என்றாய். அடுத்தது எலுமிச்சை. அடுத்தது காப்பி. அவர் முகத்தில் ஆச்சரியம். உனக்குத் தெம்பு வந்துவிட்டது. "காப்பியில சிக்கரி சேத்திருக்கு, அய்யா ஏமாந்துட்டீக" என்று எடுத்துவிட்டாய்.

அதற்குப் பிறகு வந்தது இந்தக் குப்பி.

குனிந்தேன். ஒன்றும் இல்லை. இன்னும் குனிந்தேன். நானும் என் மூக்கும் எத்தனை ஸ்டோர், எத்தனை சாக்குப் பார்த்தவர்கள்! வாசமில்லாத பொருள் என்று ஒன்று என் மூக்கு வரை வந்ததில்லை. கெட்ட காய்க்கும் ஒரு வாசம் உண்டு. நம் விரல் கணக்கில் ஒன்றுமில்லை என்பதற்கு விரலே கிடையாது. நம் தொழிலில் அது தேவைப்பட்டதில்லை. நீயோ துண்டுக்குள் என் கையைச் சுரண்டுகிறாய். டாக்டர் என்னையே பார்ப்பதாக எனக்குத் தோன்றியது. மிச்சமிருந்தது கிராம்பு. மூன்று விரலைப் பிடித்தேன்.

நீ சும்மா கிராம்பு என்று சொல்லியிருக்கலாம். நீ என்ன சொன்னாய்? "கிராம்பு. நம்ம மலைக் கிராம்பு இல்ல, வெளிக் கிராம்பு. பழசு. எண்ணெய் எடுத்துட்டு வித்தது."

டாக்டர் குப்பியை மேசையில் வைத்தார். "இது எங்க ஆஸ்பத்திரிக் குழாய்த் தண்ணிங்க" என்றார்.

 டாக்டர் மெதுவாகத் துண்டைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே உன் மூன்று விரலும் என் பிடியில்.

"ஓகோ" என்றார். அப்புறம் சிரித்தார் பார், கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற அளவுக்கு. "சரி, இப்பச் சொல்லுங்க. எத்தன வருசமா வாசம் இல்ல?"

நீ வாசற்பக்கம் பார்த்தாய். பிறகு, "முதலாளிட்ட சொல்லிருவீகளா?" என்றாய்.

"மூக்கு ஒங்களோடது. அவருக்கு எதுக்கு?"

"ஒங்களுக்கு டீ அவரு வீட்டுல இருந்துதான வருது?"

"இனிமே வேண்டாம்னு சொல்லிர்றேன்" என்றார். மறுநாளிலிருந்து அவர் கடைவீதியில் நின்று டீ குடித்ததை நானே என் கண்ணால் பார்த்தேன். பார்ப்பதற்காகவே நீ என்னை அனுப்பினாய்.

அன்று அவர் மருந்தில் நனைத்த பஞ்சை உன் மூக்கில் வைத்து மரத்துப்போகச் செய்து, குழாயை உள்ளே விட்டார். ஒரு கண்ணை இடுக்கிப் பார்த்தார். "நீங்களும் பாக்குறீங்களா? இவருக்கு இத்தன நாளா மூக்கே நீங்கதான?" என்று என்னையும் கூப்பிட்டார். பார்த்தேன். வெளிச்சத்தில் ஒரு குகை. குகை முழுவதும் உரித்த திராட்சை போல, வெளுத்துப் பளபளவென்று கொத்துக்கொத்தாகச் சதை. கம்பத்துத் திராட்சைப் பந்தல் ஒன்று உன் மூக்குக்குள் காய்த்திருந்தது. அந்தச் சதைதான் சைனஸ் அறைகளின் வாசலை அடைத்திருக்கிறது, சளி உள்ளேயே தேங்கிச் சீழ் பிடிக்கிறது, வாசத்தை அறிகிற இடம் மேலே இருக்கிறது, காற்றே அங்கே போய்ச் சேரவில்லை என்று அவர் சொன்னார். இதுவரை வெறுமனே கழுவினார்கள். அடைத்த வாசலை யாரும் திறக்கவில்லை.

எனக்கு ஆத்திரம் ஆறவில்லை. வெளியே வரும்போது இந்தக் குப்பியை மடியில் சொருகிக்கொண்டு வந்தேன். "வெறுந் தண்ணியக் காட்டி ஏமாத்துறான் மாப்ளே, இதுக்கு அத்தாட்சி வேணும்ல?" என்றேன். நீ தேர்நிலை வரை வந்த பிறகு நின்றாய்.

"மச்சான், அந்தாளு நம்மளச் சந்தேகப்பட்டான் பாத்தியா? தண்ணிய எதுக்கு வைக்கிறான்? பொய் சொல்றவனப் பிடிக்கத்தான? தேனிக்காரன் ஒருநாளாச்சும் நம்மளச் சந்தேகப்பட்டானா? குத்தினான், கழுவினான், அனுப்பினான். இவன்தான்யா நம்ம ஆளு."

அப்போதே அங்கேயே என் உள்ளங்கையில் உன் கையை மூடி வைத்துக் காட்டினாய். "ஒண்ணுமில்லைக்கு இது. இனி மூடுன கைன்னா ஒண்ணுமில்ல. மறந்துராத."

மதுரைக்கு ரயிலில் போனோம். நான் போகவேண்டாம் என்று வழி நெடுகச் சொன்னேன். சைனஸுக்கு அந்தப் பக்கம் கண், மேலே மூளை, காகிதத்தட்டி போல மெல்லிய எலும்புதான் தடுப்பு என்று அவரே சொல்லியிருந்தாரே. கொஞ்சம் கை தவறினால்? ராசிங்காபுரத்தில் ஒருத்தனுக்குப் பல்லைப் பிடுங்கப்போய்க் காது போன கதையைச் சொன்னேன். அப்படி ஒருத்தன் உண்டா என்பது வேறு விஷயம். ஆண்டிபட்டி தாண்டும்போது நீ ஜன்னலிலிருந்து திரும்பினாய்.

"ஒனக்கு நான் நல்லாகுறது பிடிக்கல மச்சான். என் மூக்கு தொறந்துட்டா ஒன் முன் சீட்டு போயிரும்ல?"

நான் எழுந்து வேறு பெட்டிக்குப் போய்விட்டேன். மதுரை வரைக்கும் திரும்பி வரவில்லை. நான் பயந்தது உன் கண்ணுக்காக. அதை அன்று சொல்லவில்லை, இன்று எழுதுகிறேன். நீ நம்புவாயா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு கட்டு ஒட்டிய கவர்களை எடுத்து வைத்தார். பாதிக் கவரில் குழாய் ஆபரேஷன், பாதியில் மேல் உதட்டுக்கு உள்ளே கீறிக் கன்ன எலும்பைத் திறக்கிற பழைய ஆபரேஷன். எவருக்கு எது என்று கவர்தான் சொல்லும். நீ உன் கவரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாய். ஒட்டின இடத்தை நகத்தால் தடவினாய்.

"இத யாரு உள்ள வச்சது?"

"வேற ஒரு ஆள். என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது. தெரியக்கூடாதுன்னுதான் இந்தக் கவர்."

"ஒங்களுக்கே ஒங்க மேல நம்பிக்கை இல்லியா டாக்டரய்யா?"

அவர் யோசித்துத்தான் சொன்னார். "இல்லீங்க. எனக்கு இந்தக் குழாய் ரொம்பப் பிடிச்சுப்போச்சு. பிடிச்ச பொருள நான் நல்லாயிருக்குன்னுதான் சொல்லுவேன். லேசான நோயாளியா பாத்துப் பொறுக்கிக் குழாய்க்கு எடுத்துட்டு, கடுமையானத எல்லாம் பழசுக்குத் தள்ளிருவேன். எனக்குத் தெரியாமலே செஞ்சிருவேன். அப்புறம் ஜெயிச்சது குழாயா, என் ஆசையான்னு யாருக்குத் தெரியும்?"

நீ என்னைப் பார்த்தாய். ஏல மண்டபத்தில் இத்தனை காலம் நின்றிருக்கிறோம். தன் சரக்கைப் பற்றி இப்படிப் பேசிய ஒருத்தனை நாம் பார்த்ததில்லை. ஆபத்தைக் கேட்டபோதும் அவர் மழுப்பவில்லை: கண்ணுக்கு ஆபத்து உண்டு, அபூர்வம், ஆனால் உண்டு, சதை மறுபடி வளரலாம், வாசம் திரும்பும் என்று சத்தியம் பண்ணமாட்டேன். நீ கவரைக் கிழித்தாய். குழாய்.

ஆபரேஷன் அறைக்குள் நானும் நின்றேன் என்றுதான் ஊரில் சொல்லிவைத்திருக்கிறேன். நீ இருக்கும்போது அதை ஒருநாளும் திருத்தவில்லை, அதற்கு நன்றி. நான் வாசல் பெஞ்சில்தான் இருந்தேன். மரத்துப்போக வைத்து, முழித்திருக்கும்போதே செய்தார்கள். "தலைக்குள்ள யாரோ முறுக்குத் திங்கிற சத்தம் மச்சான். என் எலும்பத்தான் திங்கிறானுகன்னு தெரியுது, வலிக்கல" என்று பிறகு சொன்னாய். இரண்டு மூக்கிலும் துணித்திரி அடைத்து, கண்ணைச் சுற்றி வீங்கி, நீ வெளியே வந்த கோலத்தைப் பார்த்து என் தங்கச்சி என்னைத்தான் திட்டினாள்.

அப்புறம் உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவுவது, பொருக்கு எடுக்க மதுரைக்குப் போவது என்று மாசங்கள் போயின. தலைவலி நின்றது. வாயை மூடிக்கொண்டு தூங்கினாய். வாசம்? மறுபடி குப்பிச் சோதனை வைத்தபோது டாக்டர் என் துண்டை வாங்கி மடித்து என் கையில் கொடுத்து, "நீங்க வெளிய இருங்க" என்று கதவைச் சாத்திவிட்டார். வெகுநேரம் கழித்து நீ வெளியே வந்தாய். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"வந்துருச்சா மாப்ளே?"

"கொஞ்சங் கொஞ்சமா வரும்ங்குறாரு. நீ துண்ட மறக்காம எடுத்துக்க, காலையில குரங்கணி போகணும்."

அந்தச் சீசன் முழுவதும் ஜீப்பு முன் சீட்டில் நான்தான். துண்டு விழும், விரலைப் பிடிப்பேன், நீ தீர்ப்புச் சொல்வாய். எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. தை பிறந்த சமயத்தில் என் தங்கச்சி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சிரித்தாள். "அவருக்கு எப்பவோ வாசம் வந்துருச்சேண்ணே! நேத்து நான் தலையில வச்சது முதநா பூவுன்னு மூக்கச் சுளிக்கிறாரு. ஒங்கிட்டச் சொல்லலியா?"

எனக்கு உடம்பு எரிந்தது. ஆக, இத்தனை மாசமும் உன் மூக்கால் என் விரலைத் தணிக்கை பார்த்திருக்கிறாய்! எத்தனை தடவை நான் தப்பாகச் சொன்னேன் என்று மனசுக்குள் குறித்திருப்பாய். ரயிலில் சொன்னதற்குச் சோதனை வைக்கிறாய் என்று முடிவு கட்டினேன்.

மறுநாள் ஸ்டோரில் நீ கீறி நீட்டியது பச்சை மாறாத காய். மணத்தில் எனக்கு மார்பு விரிந்தது. துண்டுக்குள் வேண்டுமென்றே இரண்டு விரலைப் பிடித்தேன். புகை.

நீ ஸ்டோர்க்காரனைப் பார்த்து, சத்தமாக, "நல்ல காயி. எல்லாச் சாக்கையும் லோடு ஏத்து" என்றாய். முகம் அசையவில்லை. துண்டுக்கு அடியில் மட்டும் என் சுண்டுவிரலைப் பிடித்துத் திருகினாய் பார், நான் இருமுவது போல் நடித்துத் தப்பித்தேன்.

நாம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஜீப்பு இறங்கும்போது நீ வெளியே பார்த்துக்கொண்டு வந்தாய், நான் வேறு பக்கம். மறுவாரம் விடியற்காலையில் வந்து ஆரன் அடித்து, "துண்டு எங்க?" என்றுதான் கேட்டாய். அதற்குப் பிறகும் நீ வேலையை விடும் வரை முன் சீட்டில் எனக்கு இடம் இருந்தது. சதை ஒரு தடவை மறுபடி வளர்ந்து, அதே டாக்டர் அதே குழாயால் எடுத்தார். அப்போது நான் அவரிடம், "ஆராய்ச்சியில குழாய் ஜெயிச்சிருச்சா?" என்று கேட்டேன். "இன்னும் எண்ணிக்கிட்டிருக்கேன். அவசரப்பட்டா எனக்குப் பிடிச்ச மாதிரி எண்ணிருவேன்" என்றார். நீ என் தொடையில் தட்டினாய்.

நீ என்னைச் சோதித்தாயா, என் சீட்டைக் காப்பாற்றி வைத்தாயா? திரும்பத் திரும்ப யோசிக்கிறேன் மாப்ளே. ஒருநாள் இது, ஒருநாள் அது என்று தோன்றுகிறது. கேட்டிருந்தால் நீ சொல்லியிருக்கமாட்டாய். சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன்.

கடைசியில் நீ படுத்த கட்டிலும் இதே வீட்டில், இதே ஜன்னலுக்குக் கீழேதான் கிடந்தது. நோய் மூக்கில் இல்லை. அது வேறு இடத்தில் பிடித்திருந்தது. பேச்சு நின்றுபோயிருந்தது. எல்லாரும் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஆள் இல்லாத நேரத்தில் நான் பக்கத்தில் உட்கார்ந்து, போர்வைக்குள் கையை விட்டேன். உன் கை தானாக வந்து என் உள்ளங்கையில் ஏறியது, ஜீப்பில் வருவது போல.

"வலிக்குதா மாப்ளே?" என்றேன்.

நீ கையை மூடினாய்.

அந்தக் கை சூடாக இருந்தது, விட்டு விட்டு இறுகியது. நான் அதைப் பிரிக்கவில்லை. நீ உறங்கும் வரை அப்படியே வைத்திருந்தேன். இப்போதும் துண்டைத் தோளிலிருந்து எடுக்கும்போதெல்லாம் அது என் உள்ளங்கையில் வந்து உட்காருகிறது.

குப்பியைத் தக்கை போட்டு மறுபடி வேட்டி மடிப்புக்குள் வைத்துவிட்டேன். ஆயுசு முழுவதும் என்னைக் குறைத்துச் சொல்லச் சொன்னவன் நீ. நீ என்னிடம் சொன்ன எத்தனையோ விஷயங்களை நான் நம்பாமல் நம்பிவிட்டேன். மூடிய கையால் நீ சொன்ன அந்த ஒன்றை மட்டும் நம்ப முடியவில்லை.

மாப்ளே, அன்னைக்கு நீ கொறச்சுத்தான சொன்ன?